பட்டியலில் இல்லாத ஏணி

போன வாரம், பின்னால் பதினான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தினமும் போகும் சாலையில் வேனை நட்ட நடுவில் நிறுத்தி, "இது எந்த ரோடு?" என்று கேட்ட ஹாரன் அம்மாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மறந்துவிட்டார். வீட்டில் இப்போது அதுதான் தலைவலி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூன்று தடவை ஹாரன் அடிப்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. புருஷன் போன பிறகு அந்த வேனை ஓட்டித்தான் மகனையும் மகளையும் ஆளாக்கினார். மகன் டயர் கடை வைத்திருக்கிறான். அவனுடைய குட்டிப் பெண்ணும் அதே வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். டாக்டர் சர்டிஃபிகேட் வரும்வரை ஹாரன் அம்மா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடம் கறாராகச் சொல்லிவிட்டதால், ஒரு வாரமாக மகன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வேன் ஓட்டுகிறான்.

மகள் வேலை பார்ப்பது மறதிக்கான ஆஸ்பத்திரியில். வருகிறவர்களை எதிரே உட்காரவைத்துத் தேதி கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, ஐந்து வார்த்தை சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து அதையே திருப்பிக் கேட்டு, முப்பதுக்கு மார்க் போடுவது அவள் தொழில். ஊர் மறதியை எல்லாம் அளந்தவளுக்குச் சொந்த வீட்டு மறதி எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாரமாக அவளும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று அம்மாவுக்குச் சோதனை.

வேனை மகன் ஓட்டினான். அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"கியரை மாத்துடா. வண்டி கத்துறது உன் காதுல விழலையா?"

"விழுதும்மா."

"விழுந்தா மாத்தணும். இன்னிக்கு என்ன தேதி?"

"பதினேழு."

ஒரு சிக்னல் தாண்டியது. அம்மா கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்துத் தலையை இன்னொரு தடவை வாரிக்கொண்டார்.

"தேதி என்னன்னு சொன்னே?"

"பதினேழும்மா."

மகள் பின்சீட்டில் இருந்து கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார். "பரிட்சை பயம்" என்று அண்ணன் தங்கையின் காதில் சொன்னான். அப்படியே இருக்கட்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். நினைப்பதற்குக் காசா பணமா?

சொந்த அம்மாவை மகளே சோதிக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அந்த வேலை, ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த புதுப் பெண்ணிடம் போனது. நல்ல பெண். நோயாளி தும்மினால்கூடக் குறித்து வைக்கிற அளவுக்குக் கவனம்.

"பென்சில் நீங்க தருவீங்களா கண்ணு, நான் எடுத்துட்டு வரணுமா?" என்றார் ஹாரன் அம்மா.

"நாங்களே தருவோம்மா. வாங்க."

கதவு மூடியது.

ஒன்பது வருஷமாக அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவள் இன்று முதல் தடவையாக வெளியே உட்கார்ந்தாள். வெளியே காத்திருக்கிறவர்களிடம் அவள் எப்போதும் ஒன்று சொல்வாள்: "பயப்படாதீங்க, இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது." எவ்வளவு அன்பாகச் சொல்லியிருக்கிறாள்! அது எவ்வளவு உபயோகமில்லாத பேச்சு என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

"சின்னு," என்றான் அண்ணன். "ஒருவேளை சர்டிஃபிகேட் தரலைன்னா?"

"முதல்ல முடியட்டும்ணா."

"வீட்ல உக்காருன்னு அம்மாகிட்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன். லீவு நாள்லயே விடிஞ்சதும் எழுந்து வேனைக் கழுவுறவங்க அவங்க. வேனை வித்துட்டா ஒரே மாசத்துல படுத்துடுவாங்க. எழுதி வச்சுக்கோ."

"தெரியும்ணா."

"தெரியும்னா எதாவது செய். உன் ஆஸ்பத்திரிதானே?"

என்ன செய்யச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. செருப்பின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. புதுப் பெண்ணின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, இருபத்தொன்பது! முப்பதுக்கு இருபத்தொன்பது. நூத்துல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னா, நான் பேனா மூடியைத் திறக்கிறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. கடிகாரம் அச்சு மாதிரி வரைஞ்சாங்க."

அண்ணன் எழுந்து நின்று கை தட்டிவிட்டான். காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை, போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கே நம்பரைப் போட்டான். "மேடம், எங்கம்மா பாஸ்! ஆமா, இருபத்தொன்பது! சர்டிஃபிகேட் மத்தியானம் கைக்கு வந்துடும். சாயங்காலமே அவங்கதான் வண்டி எடுப்பாங்க, வாட்ச்மேன்கிட்ட சொல்லிடுங்க!"

அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

உள்ளிருந்து அம்மா கைப்பையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

"அது சும்மாம்மா" என்றாள் புதுப் பெண். பிறகு மகளைப் பார்த்து, "அஞ்சு வார்த்தையில நாலு சரிக்கா. ஒண்ணு மட்டும் மாறிடுச்சு. குடைக்குப் பதிலா ஏணின்னு சொன்னாங்க. நான் ஏணின்னே சொல்லலை. அது எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியலை."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏணி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அந்தப் பட்டியலில் முதல் வார்த்தையே ஏணிதான். ஏணி, சிங்கம், பாலம், மஞ்சள், கம்பளி. சோதனை அறை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் ஓர் இரும்பு ஏணி இருந்தது. சொந்த வீட்டு விலாசம் மறந்தவர்கள்கூட ஜன்னலைப் பார்த்துவிட்டு "ஏணி" என்று டாண் என்று சொல்லி ஒரு மார்க்கைத் தட்டிக்கொண்டு போனார்கள். படித்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் பல வருஷம் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கடைசியில் ஒரு கிழவர் "அதோ, அந்த ஏணிதானே?" என்று கையை நீட்டிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். பட்டியலில் ஏணியை எடுத்துவிட்டுக் குடையைப் போட்டார்கள். கையோடு ஜன்னலுக்கு, வெளியே எதுவும் தெரியாத பால்வெள்ளைக் கண்ணாடியும் மாட்டினார்கள். மற்ற நாலு வார்த்தைகளில் கை வைக்கவில்லை.

புதுப் பெண்ணுக்கு இந்தக் கதை தெரியாது. அவள் சேர்ந்தபோது குடைதான் இருந்தது.

ஒருவேளை இன்றைக்கு ஜன்னல் திறந்திருந்ததோ? மகள் விறுவிறுவென்று அறைக்குள் போனாள். நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. தாழ்ப்பாளோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெள்ளையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கடவுளே, ஒரே ஓர் ஏணியைக் காட்டியிருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

வெளியே அம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் யாருக்கோ போனில் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டு தூரத்தில் நின்றான். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஏணின்னு சொன்னியாமே?"

"ஆமா. ஏணி, சிங்கம், பாலம், மஞ்சள், கம்பளி. நீதானேடி சொல்லிக் குடுத்தே? அந்தப் பொண்ணு குடைங்குறா. சின்னப் பொண்ணு, தப்பா படிச்சுட்டா போல. மானத்தை வாங்க வேணாம்னு விட்டுட்டேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மகள் இந்தச் சோதனையை வீட்டில்தான் பழகினாள். அம்மா யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருப்பார். அவள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். "நான்தான் நோயாளி, கேளுடி" என்பார் அம்மா. ஒருநாள் காது கேட்காத நோயாளி, ஒருநாள் சண்டைக்கார நோயாளி, ஒருநாள் எல்லாவற்றுக்கும் "என் பையனைக் கேளுங்க" என்கிற நோயாளி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு மாதமா இரண்டு மாதமா, தினமும் அதே ஐந்து வார்த்தை, அதே கடிகாரம், நூறிலிருந்து அதே ஏழு.

"இதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டிருப்பாளே?"

"கேட்டா. இல்லைன்னேன். டெஸ்ட் எனக்கா நடந்துச்சு? உனக்குத்தானே நடந்துச்சு?" அம்மா பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். "பாடம் தெரிஞ்சவ பரிட்சையில எழுத மாட்டாளா?"

மறதி இருக்கிறதா என்று பார்க்க வந்த இடத்தில், அம்மாவின் ஞாபகம்தான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முந்தையது பத்திரமாக இருக்கிறது. காலையில் சொன்ன தேதி ஒரு சிக்னல் தாண்டும்வரைகூட நிற்கவில்லை. இந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குகிறவள் அவள். தனக்கு விளக்க ஆள் தேவைப்படவில்லை.

அண்ணனை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் கேட்டு முடித்தான். முடித்த கையோடு, "சரி, இதை யாருகிட்டயும் சொல்லாதே" என்றான்.

"அண்ணா!"

"என்ன அண்ணா? இருபத்தொன்பது வாங்கினது யாரு? அம்மா. காப்பியா அடிச்சாங்க? மண்டையில இருந்துதானே சொன்னாங்க?"

"பழசு இருக்குண்ணா. புதுசுதான் நிக்க மாட்டேங்குது. ரோட்ல புதுசா ஒண்ணு வந்தா..."

"வரட்டும். எனக்கு டயர் மாத்தக் கத்துக் குடுத்ததே அவங்க. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை குழம்பிட்டாங்க. அதுக்கு இந்தப் பாடா?"

"அந்த ஒரு நாள் உன் பொண்ணும் வண்டியிலதான் இருந்தா."

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை முதலிலிருந்து கடைசி வரை படித்தான். பிறகு, குரல் உடைந்து, "இப்ப நீ உள்ள போய்ச் சொன்னா, அம்மாவைக் கவுத்தது நோய் இல்லை சின்னு. நீதான்" என்றான்.

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் டாக்டர் அறை நாலு அடியில் இருந்தது, சர்டிஃபிகேட் புத்தகம் அவர் மேஜையில் திறந்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் தன் கால் நகராது என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் பேனாவை மூடாமலேயே முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நம்மகிட்ட இன்னொரு செட் இருக்கே, வேற வார்த்தைங்க, வேற கணக்கு. அதை வீட்ல பழகினது உண்டா?"

"இல்லை சார். அது போன வருஷம்தான் வந்துச்சு."

"அப்ப சாப்பிட்டுட்டு அதை வச்சுப் பாத்துடலாம். உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன் சார்."

தைரியமாகத்தான் சொன்னாள். சாப்பாடு முடிந்து அம்மாவின் முன்னால் போய் நின்றதும் நாக்கு எழவில்லை. அம்மாவே கேட்டார்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"இன்னொரு தடவை உக்காரணும்மா."

"ஏன், இருபத்தொன்பது பத்தாதாமா?"

"அது பழைய பாடம்மா. நான் உன்னை வச்சுப் பழகினது. இப்ப புதுசா கேப்பாங்க."

அம்மாவின் முகத்தில் இருந்த கேலி அப்படியே நின்றது. அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். வேனின் கனமான கதவை இழுத்துச் சாத்திய கை அது, பிடி வலித்தது.

"புதுசு வேணாம்டி" என்றார், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது. மகளுக்கு அந்த இடத்திலேயே அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அம்மா பயந்து அவள் பார்த்ததே இல்லை. புருஷன் செத்த மறுவாரம் லைசென்ஸ் எடுக்கப் போனபோதுகூட அவர் பயப்படவில்லை.

"நான் கதவுக்கு வெளியதான் இருப்பேன்மா" என்றாள்.

"வெளிய இருந்து என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து உள்ளே போனார்.

இரண்டாவது தடவை நேரம் நகரவே இல்லை. அண்ணன் தங்கை பக்கத்தில் உட்காராமல் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னால் புதுப் பெண்ணின் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. பிறகு அம்மாவின் குரல். பிறகு நீளமாக ஒன்றுமே இல்லை. உள்ளே மௌனமாக இருக்கும்போது அந்தப் பக்கம் இருப்பவர் யோசிக்கிறாரா, தேடித் தேடிக் களைத்துப்போகிறாரா என்று மகளால் வழக்கமாக முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும். இப்போது முகம் இல்லை. கதவு மட்டும்தான் இருந்தது.

முதலில் வந்தது அம்மா. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மார்க் எவ்வளவு என்று யாரிடமும் கேட்கவில்லை.

"மணி என்ன?"

"மூணு ஆகப்போகுதும்மா" என்றான் மகன்.

"பள்ளிக்கூடம் விடுற நேரம். பிள்ளைங்க காத்துட்டு நிக்கும்."

"நான் போறேன்மா. நீ உக்காரு."

புதுப் பெண் கதவோரம் நின்று மகளைக் கண்ணால் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"முப்பதுக்குப் பதினேழுதான்க்கா. புதுக் கணக்குல ஆரம்பத்துலயே நின்னுட்டாங்க. அஞ்சு வார்த்தையில ஒண்ணுகூட வரலை. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஏணி, சிங்கம், பாலம், மஞ்சள், கம்பளின்னு பழசையே முழுசா சொன்னாங்க. சரிதானே கண்ணுன்னு என்னைக் கேட்டாங்கக்கா. நான் என்ன சொல்லட்டும்? நல்லா சொன்னீங்கம்மான்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லக் கூடாதுல்ல?"

"பரவாயில்லை" என்றாள் மகள். அந்தப் பெண்ணை அணைத்துக்கொள்ள நினைத்தாள். அணைத்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் அண்ணனையும் தங்கையையும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் தோளில் இருந்த பையைக் கழற்றி அம்மாவின் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

"இதைப் பாத்துக்கோம்மா. அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்."

அம்மா தலையை ஆட்டினார்.

"இதை மட்டும் வச்சு நான் எந்த முடிவுக்கும் வரலை" என்று ஆரம்பித்தார் டாக்டர். "ரத்தம் எடுக்கணும், தைராய்டு பாக்கணும், ஸ்கேன் பண்ணணும். சத்துக் குறைவுனாலகூட இப்படி ஆகலாம். அப்படின்னா மருந்துலயே தேறிடுவாங்க. இல்லைன்னாலும் செய்யறதுக்கு நிறைய இருக்கு. ஆனா அதெல்லாம் தெரியற வரைக்கும்..."

"வண்டி கூடாது" என்றான் அண்ணன்.

"கூடாது. ஒரு தெரு முனைக்குக்கூட."

அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். டயர் கடையில் லாரி டிரைவர்களையே மிரட்டுகிற ஆள். தங்கை அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. "நீ சொன்னது சரிதான் சின்னு" என்றான். "ஆனா எனக்கு உன்மேல கோவமா வருது. என்ன பண்ணட்டும்?"

"வரட்டும்ணா. வீட்டுக்குப் போய்த் திட்டு."

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார். அண்ணன் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டையும் ஸ்கேன் சீட்டையும் வாங்கி மடித்தான். ஐந்து நிமிஷம் என்றது அரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

வெளியே வந்தார்கள். நாற்காலியில் பை இருந்தது. அம்மா இல்லை.

"பாத்ரூம் போயிருப்பாங்க" என்றான் அண்ணன்.

தங்கை பையைப் பார்த்தாள். ஜிப் திறந்திருந்தது.

"சாவி எங்கண்ணா வச்சிருந்தே?"

அவன் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். தலைகீழாகக் கவிழ்த்தான். பில் புத்தகம், சார்ஜர், டயர் அளக்கும் கேஜ், ஒரு குழந்தையின் ஹேர்பேண்ட் எல்லாம் தரையில் விழுந்தன. சாவி விழவில்லை. இரண்டு பேரும் படிகளில் ஓடினார்கள். நிறுத்தும் இடத்தில், வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் போடு! பிள்ளைங்களை ஏத்த வேணாம்னு சொல்லு!" என்று கத்தினாள் தங்கை.

அண்ணன் போனைக் காதில் வைத்தான். மறுபக்கம் பேசியதைக் கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"ஏறிட்டாங்களாம்" என்றான். "எல்லாரும். வண்டி கிளம்பிடுச்சாம். நீங்கதானே சார் காலையிலயே மேடம்கிட்ட சொன்னீங்கன்னு வாட்ச்மேன் சொல்றான்." பிறகு குரலே இல்லாமல், "என் பாப்பாவும் ஏறிட்டா" என்றான்.

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது? அவளுக்கு வேன் போகும் வழி தெரியாது. அதை ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. அம்மா.

"அம்மா! எங்கம்மா இருக்கே?"

"கத்தாதேடி. உங்க அண்ணன் பக்கத்துல இருக்கானா?"

அண்ணன் அவள் தோளோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "இல்லைம்மா" என்றாள்.

"பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சு. எண்ணிப் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு." பின்னால் பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக இருப்பது கேட்டது. "பாதி தூரம் நல்லாத்தான் வந்தேன். ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன். இங்க இருந்து... சின்னு, இங்க இருந்து இடதா, வலதா?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன தெரியுதும்மா அங்க? போர்டு ஏதாவது இருக்கா?"

"ஒரு மரம் இருக்கு. ஒரு மதில் இருக்கு. எல்லா இடத்துலயும்தான் இருக்கு." அம்மாவின் குரல் ஆடியது. "தப்பா திரும்பிடக் கூடாதேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஒளிக்காம சொல்லுவே."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரிடம் அவரைக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். பதினான்கு பிள்ளைகளோடு வழி தெரியாமல் நிற்கும்போது அம்மாவுக்குக் கூப்பிடத் தோன்றியதும் அவளைத்தான்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. எந்தப் பக்கமும் திரும்ப வேணாம். இன்ஜினை அணைச்சுடு. சாவியை எடுத்துக் கையில வச்சுக்கோ. நாங்க வந்துடுறோம்."

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ கலகலவென்று சிரித்தது. அது பாப்பாவின் சிரிப்பு என்று அண்ணன் சைகையில் சொன்னான்.

"அணைச்சுட்டா," என்றார் அம்மா மெதுவாக, "அப்புறம் என்னை இந்த சீட்டுல ஏத்த மாட்டீங்கல்ல?"

அண்ணன் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினான். ஏத்துவோம்னு சொல்லு, ஏத்துவோம்னு சொல்லு என்று உதட்டை அசைத்தான். ஒரு பொய்தானே, அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

"ஆமாம்மா" என்றாள் மகள். "ஏத்த மாட்டோம்."

மகள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.